எம்.பி.ஏ. படிக்கலாமா, வேண்டாமா? வேலையில் குழம்பி நிற்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பொறியியல் முடித்து ஐ.டி. நிறுவனத்தில் இரண்டு மூன்று ஆண்டுகளை ஓட்டியவர்கள், பி.காம். முடித்துவிட்டு அடுத்து என்ன என்று யோசிப்பவர்கள், வங்கித் தேர்வுக்கும் எம்.பி.ஏ.வுக்கும் நடுவே ஊசலாடுபவர்கள் என்று பலரும் என்னிடம் வருகிறார்கள். ஊர் வேறு, படிப்பு வேறு. கேள்விகள் மட்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான். நான் எம்.பி.ஏ. படித்தவன். இப்போது சென்னையில் ஒரு நிறுவனத்துக்காகக் கல்லூரி கல்லூரியாகப் போய் ஆள் எடுப்பவன். அதனால் மேசையின் இரண்டு பக்கமும் தெரியும். எம்.பி.ஏ. நல்ல படிப்பு, குழப்பத்துக்கு மருந்தாக வாங்கினால் மட்டும் விலை அதிகம். கீழே உள்ள பதில்களில் பாதி, இந்த ஒரு விஷயத்தைத்தான் சுற்றி வருகின்றன.

பார்க்கும் வேலை பிடிக்கவில்லை. எம்.பி.ஏ. படித்தால் தப்பித்துவிடலாமா?

எது பிடிக்கவில்லை என்று முதலில் பிரித்துப் பாருங்கள். சிறுசேரியில் ஒரு சப்போர்ட் புராஜெக்டில் மாட்டிக்கொண்டு, அமெரிக்க நேரத்துக்கு இரவெல்லாம் விழித்திருந்து வாடிக்கையாளர்களின் புகார் 'டிக்கெட்டுகளை' மூடிக்கொண்டிருப்பவர், "எனக்கு ஐ.டி. துறையே ஒத்துவராது" என்பார். அவருக்கு ஒத்துவராதது இரவுப் பணியாக இருக்கலாம். மேலாளராக இருக்கலாம். மூன்று ஆண்டுகளாக நகராத சம்பளமாக இருக்கலாம். இவை ஒவ்வொன்றுக்கும் எம்.பி.ஏ.வைவிட மலிவான வைத்தியம் உண்டு: புராஜெக்ட் மாற்றம், நிறுவன மாற்றம், அல்லது ஆறு மாதம் உட்கார்ந்து ஒரு தொழில்நுட்பத்தைக் கற்றுக்கொண்டு வெளியே தேடுவது. இருபது லட்ச ரூபாய் கடன் வாங்கி மேலாளரை மாற்றிக்கொள்ள வேண்டியதில்லை.

கடந்த ஆறு மாதங்களில், யாரும் சொல்லாமலே நீங்களாக இழுத்துப் போட்டுக்கொண்டு செய்த வேலை எது என்று யோசியுங்கள். வாடிக்கையாளருடனான அழைப்பில் பேசியதா? புதிதாகச் சேர்ந்தவருக்குக் கற்றுக்கொடுத்ததா? குழுவின் செலவுக் கணக்கை எக்செல்லில் போட்டு, எங்கே பணம் வீணாகிறது என்று பார்த்ததா? அப்படியானால் மேலாண்மைப் படிப்பைப் பற்றித் தாராளமாக யோசிக்கலாம். நள்ளிரவில் நிரலில் ஒரு பிழையைக் கண்டுபிடித்ததுதான் அந்த ஆறு மாதத்தின் ஒரே மகிழ்ச்சி என்றால், உங்களுக்கு வேண்டியது நிரல் எழுத விடுகிற வேறொரு நிறுவனம். எம்.பி.ஏ. உங்களை அந்த மகிழ்ச்சியிலிருந்து தள்ளித்தான் வைக்கும்.

எந்தத் துறை என்றே தெரியவில்லை. இரண்டு ஆண்டு படித்தால் தெளிவு வந்துவிடும் அல்லவா?

என்னிடம் வரும் கேள்விகளிலேயே அதிகம் வருவது இதுதான். இரண்டு ஆண்டு அவகாசம் கிடைக்கும் என்று எல்லோரும் நம்புகிறார்கள். கல்லூரியின் நாள்காட்டி அப்படி ஓடுவதில்லை.

ஜூனில் சேர்கிறீர்கள். பெட்டியைப் பிரித்து அடுக்கி முடிப்பதற்குள், சி.வி. எங்கே என்று சீனியர்கள் அறை வாசலில் வந்து நிற்பார்கள். ஒரே பக்கம், அதில் உள்ள ஒவ்வொரு வரிக்கும் சான்று காட்ட வேண்டும். பள்ளியில் பேச்சுப் போட்டியில் வாங்கிய பரிசுகூட அதில் ஏறும், சான்றிதழ் வீட்டில் இருந்தால். (அந்த வாரங்களில் அம்மாக்களுக்கு வரும் தொலைபேசி அழைப்புகளில் பாதி, பரணில் உள்ள பழைய ஃபைலைப் பற்றியதுதான்.) ஆகஸ்ட், செப்டம்பரில் நிறுவனங்கள் வந்து தங்கள் பெருமையைப் பேசிவிட்டுப் போகும். பெரிய கல்லூரிகள் பலவற்றில் அக்டோபர், நவம்பர் வாக்கிலேயே கோடை இன்டர்ன்ஷிப்புக்கான நேர்காணல்கள் முடிந்துவிடும். அடுத்த ஏப்ரல், மே மாதங்களில் அந்த நிறுவனத்தில் வேலை. அங்கே கெட்டிக்காரர் என்று பெயர் வாங்கியவருக்கு, இரண்டாம் ஆண்டு தொடங்கும்போதே வேலை உறுதியாகிவிடுவதும் உண்டு. மற்றவர்களின் இறுதி நேர்காணலிலும் முதல் கேள்வி அந்த இன்டர்ன்ஷிப்பைப் பற்றித்தான் வரும்.

ஆக, இரண்டு ஆண்டு என்று நினைத்தது உண்மையில் நான்கைந்து மாதம். அந்த மாதங்களிலும் காலை முதல் வகுப்பு, இரவு குழு வேலை, நடுவில் வினாடி வினாத் தேர்வு. உட்கார்ந்து யோசிக்க அதைவிட மோசமான இடம் கிடைக்காது. எதுவும் தெரியாமல் வருகிறவர்கள், வரிசையில் முன்னால் நிற்பவர் எங்கே போகிறாரோ அங்கே போகிறார்கள். அந்த ஆண்டு எல்லோரும் கன்சல்டிங் என்றால் அவர்களும் கன்சல்டிங்.

ஒரு விதிவிலக்கு உண்டு. "மார்க்கெட்டிங்கா, நிதியா என்று இரண்டுக்கு நடுவே தடுமாறுகிறேன்" என்பவருக்கு எம்.பி.ஏ. உதவும். முதலாண்டில் எல்லாப் பாடமும் எல்லோருக்கும் உண்டு. இரண்டையும் தொட்டுப் பார்த்துவிட்டுத் தேர்ந்தெடுக்கலாம். பத்து வாசல்களுக்கு முன்னால் நிற்பவருக்குத்தான் அது உதவாது.

கல்லூரி முடித்ததும் நேராகச் சேரலாமா, சில ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டா?

இரண்டு மூன்று ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டுச் சேருங்கள் என்றுதான் சொல்வேன். நேராகச் சேர்ந்து நன்றாக வந்தவர்களும் இருக்கிறார்கள். ஆனால் வகுப்பில் ஒரு நிறுவனத்தின் சரக்கிருப்புப் பிரச்சினையைப் பற்றிப் பேசும்போது, கிடங்கு ஒன்றில் நின்று ஆண்டுக் கடைசிக் கணக்கெடுப்பு செய்தவருக்குப் புரிவது வேறு, பாடப் புத்தகத்தில் மட்டும் படித்தவருக்குப் புரிவது வேறு. ஹைதராபாத்தின் ஐ.எஸ்.பி. போன்ற ஓராண்டுப் படிப்புகள் பொதுவாக அனுபவம் உள்ளவர்களையே எதிர்பார்க்கின்றன. ஐந்தாறு ஆண்டைத் தாண்டிவிட்டால் இரண்டாண்டுப் படிப்பு பொருந்தாமல் போகும். அப்போது ஓராண்டுப் படிப்பைப் பாருங்கள். இருபத்திரண்டு வயதுக்காரர்களோடு ஒரே தகுதியில் வரிசையில் நிற்கவும், அதே தொடக்க நிலைப் பதவியை வாங்கவும் முப்பது வயதில் மனம் ஒப்பாது.

எந்தக் கல்லூரி என்றாலும் எம்.பி.ஏ. எம்.பி.ஏ.தானே?

இல்லை. பொறியியலிலாவது, சுமாரான கல்லூரியில் படித்தவர் தானாகக் கற்றுக்கொண்டு மேலே வரலாம். எம்.பி.ஏ.வில் பாடம் பாதி, உடன் படிப்பவர்களும் வளாகத்துக்கு வரும் நிறுவனங்களும் மீதி. அந்த மீதியை நூலகத்தில் எடுக்க முடியாது.

மத்திய அரசின் மேலாண்மைக் கல்லூரிகளான ஐ.ஐ.எம்.களில், 1961-இல் தொடங்கிய கல்கத்தாவும் அகமதாபாத்தும், 1973-இல் வந்த பெங்களூரும் தனி வரிசை. டெல்லி பல்கலைக்கழகத்தின் எஃப்.எம்.எஸ். இன்னொரு அதிசயம்: படிப்பு முதல் தரம், கட்டணமோ சில லட்சங்களோடு முடிந்துவிடும், அதனாலேயே அங்கே இடம் கிடைப்பது குதிரைக்கொம்பு. மனிதவளம்தான் என்று தெளிவாக இருப்பவர்களுக்கு ஜாம்ஷெட்பூர் எக்ஸ்.எல்.ஆர்.ஐ. நம் பக்கத்தில் புதுக்கோட்டைச் சாலையில் இருக்கும் திருச்சி ஐ.ஐ.எம். 2011-இல் தொடங்கியது. சென்னை ஐ.ஐ.டி.யிலும் திருச்சி என்.ஐ.டி.யிலும் மேலாண்மைத் துறைகள் உண்டு என்பது பலருக்கு நினைவுக்கே வருவதில்லை. இரண்டும் ஐ.ஐ.எம். சேர்க்கைக்கான கேட் (CAT) நுழைவுத் தேர்வின் மதிப்பெண்ணை ஏற்கின்றன, என்.ஐ.டி. கட்டணம் ஐ.ஐ.எம். கட்டணத்தைவிடக் கணிசமாகக் குறைவு. சென்னை லிபா, திருச்சி பிம் ஆகிய மேலாண்மைக் கல்லூரிகளுக்குத் தென்னிந்திய நிறுவனங்களிடம் நெடுநாள் பெயர் இருக்கிறது.

இந்த வரிசையைத் தாண்டியதும் கவனம் தேவை. தெருவுக்கு ஒரு பொறியியல் கல்லூரி, அதற்குள் ஒரு எம்.பி.ஏ. துறை என்று இருக்கும் இடங்களில் சேருமுன், சென்ற ஆண்டு எந்த நிறுவனம் எந்தப் பதவிக்கு ஆள் எடுத்தது என்று கேளுங்கள். நிறுவனத்தின் பெயர் மட்டும் போதாது. பெரிய தனியார் வங்கியின் பெயர் இருக்கும். பதவி 'ரிலேஷன்ஷிப் அதிகாரி' என்றிருக்கும். காலை ஒன்பது மணிக்குக் கிளையில் கூட்டம். இன்றைக்கு எத்தனை சேமிப்புக் கணக்கு, எத்தனை காப்பீட்டு பாலிசி என்று மேலாளர் கேட்பார். பிறகு பாண்டி பஜாரில் கடை கடையாக ஏறி இறங்க வேண்டும். அந்த வேலையில் இழிவு ஒன்றும் இல்லை; விற்பனையில் கெட்டியானவர்கள் அதிலிருந்து வேகமாக மேலே போகிறார்கள். ஆனால் பக்கத்து நாற்காலியில் அதே வேலையைப் பார்ப்பவர் பி.பி.ஏ. முடித்தவர். உங்கள் இரண்டு ஆண்டும் கட்டணமும் எங்கே போயின என்று அப்போது தோன்றும்.

டான்செட் எழுதிச் சேர்வது வீண் என்கிறீர்களா?

அப்படிச் சொல்லவில்லை. அண்ணா பல்கலைக்கழகம் நடத்தும் டான்செட் நுழைவுத் தேர்வில் நல்ல மதிப்பெண் வாங்கினால், கிண்டி வளாகத்தில் உள்ள அதன் மேலாண்மைத் துறையிலோ, கோவை பி.எஸ்.ஜி. போன்ற இடங்களிலோ குறைந்த செலவில் படிக்கலாம். கலந்தாய்வைக் கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரி நடத்துகிறது. மாநிலத்தின் 69 சதவீத இடஒதுக்கீடு பொருந்தும். கோவை, திருப்பூர், ஓசூர்த் தொழில் வட்டாரத்திலேயே வேலை பார்க்க நினைப்பவருக்கு இது கெட்டிக்காரத்தனமான வழி. கலந்தாய்வில் நல்ல கல்லூரிகள் தீர்ந்த பிறகு கிடைக்கும் இடத்தை, 'கிடைத்ததே' என்று எடுத்துக்கொள்வதுதான் வீண்.

சராசரிச் சம்பளம் இத்தனை லட்சம் என்று கல்லூரி விளம்பரம் செய்கிறதே, நம்பலாமா?

சராசரியை விட்டுவிட்டு இடைநிலைச் சம்பளத்தைக் கேளுங்கள். அதாவது, எல்லோரையும் சம்பள வரிசையில் நிறுத்தினால் நடுவில் நிற்பவர் வாங்குவது. ஒருவருக்கு வெளிநாட்டில் கோடி ரூபாய் வேலை கிடைத்தால், அறுபது பேரின் சராசரி ஒன்றரை லட்சத்துக்கு மேல் தூக்கிக்கொள்ளும். நடுவில் நிற்பவருக்கு ஒரு பைசாகூட ஏறியிருக்காது. அடுத்து, எத்தனை பேர் வேலைவாய்ப்பில் பங்கெடுத்தார்கள் என்று கேளுங்கள். 'நூறு சதவீதம் வேலை' என்பது சில இடங்களில், வேலை கிடைக்காதவர்களை 'பங்கெடுக்கவில்லை' என்று எழுதிவிட்ட பிறகு வரும் நூறு. அகமதாபாத் ஐ.ஐ.எம். முன்னின்று உருவாக்கிய ஐ.பி.ஆர்.எஸ். என்ற அறிக்கை முறையைச் சில கல்லூரிகள் பின்பற்றி, வெளித் தணிக்கையும் செய்கின்றன. அப்படி அறிக்கை வெளியிடும் கல்லூரியின் எண்ணை நான் நம்புவேன். பஸ்ஸின் பின்புறம் ஒட்டியிருக்கும் எண்ணை நம்பமாட்டேன்.

அதோடு, சி.டி.சி. என்பது நிறுவனம் உங்களுக்காக ஆண்டுக்குச் செலவிடும் மொத்தத் தொகை, கைக்கு வரும் பணம் அல்ல. ஒரு 10 லட்ச ரூபாய் வேலைக் கடிதத்தைப் பிரித்துக் காட்டுகிறேன். செயல்பாட்டைப் பொறுத்துக் கிடைக்கும் தொகை 1,50,000. நிறுவனம் கட்டும் வருங்கால வைப்பு நிதி 48,000. பணிக்கொடை சுமார் 19,000. மருத்துவக் காப்பீடு 13,000 என்று வைத்துக்கொள்வோம். மீதி 7,70,000, மாதத்துக்கு 64,000 சொச்சம். அதில் உங்கள் பங்கு வைப்பு நிதி 4,000 போனால், கையில் 60,000. புதிய வரி முறையில் இந்தச் சம்பளத்துக்கு வருமான வரி வராது என்பது ஆறுதல். இந்த 60,000-ஐ நினைவில் வைத்துக்கொண்டு அடுத்த பதிலைப் படியுங்கள்.

எவ்வளவு செலவாகும்? கடன் வாங்கிப் படிப்பது சரியா?

திருச்சி போன்ற ஐ.ஐ.எம்.களில் இரண்டு ஆண்டுக்கும் சேர்த்துக் கட்டணம் 20 லட்சத்தை ஒட்டி வருகிறது. அகமதாபாத்தில் 25 லட்சத்தைத் தாண்டிவிட்டது. ஆண்டுக்குப் பத்துப் பத்து லட்சமாக 20 லட்சம், 10 சதவீத வட்டிக்கு வாங்குகிறீர்கள் என்று கணக்குப் போடுவோம். படிக்கும் காலத்திலும், அதன் பிறகு ஓராண்டு வரையிலும் தவணை கட்ட வேண்டாம் என்று வங்கி சொல்லும். வட்டி மட்டும் அமைதியாக ஓடிக்கொண்டிருக்கும். முதல் பத்து லட்சத்துக்கு மூன்றாண்டு வட்டி 3 லட்சம், இரண்டாவது பத்துக்கு 2 லட்சம். தவணை தொடங்கும் நாளில் கடன் 25 லட்சமாகியிருக்கும். பத்து ஆண்டுகளில் அடைப்பதென்றால் மாதம் சுமார் 33,000 ரூபாய். மொத்தம் கட்டுவது 39 லட்சத்துக்கு மேல்.

மேலே சொன்ன 60,000-இல் இந்த 33,000 போனால் மீதி 27,000. பெங்களூரில் வீட்டு வாடகை, சாப்பாடு, ஊருக்கு அனுப்பும் பணம் எல்லாம் அதற்குள். வேலையை விட்டுவிட்டுப் படிக்கப் போகும்போது நீங்கள் மாதம் கையில் 42,000 வாங்கிக்கொண்டிருந்தீர்கள் என்றால், தலைவலி போய்த் திருகுவலி வந்த கதைதான். அந்த இரண்டு ஆண்டுகளில் வாங்காமல் விட்ட சம்பளம் ஏறத்தாழ 10 லட்சத்தை இந்தக் கணக்கில் நான் சேர்க்கவே இல்லை.

இதே கடன், 22 லட்சச் சம்பளம் வாங்குபவருக்குச் சுமையே அல்ல; நான்கைந்து ஆண்டுகளில் அடைத்துவிடுவார். ஆகவே கடன் வாங்கலாமா என்பதற்கு என் பதில், கல்லூரியின் இடைநிலைச் சம்பளத்தில் இருக்கிறது. மொத்தக் கட்டணம் அந்த ஓராண்டுச் சம்பளத்துக்குள் அடங்கினால் தயங்காதீர்கள். ஒன்றரை மடங்கைத் தாண்டினால் வீட்டில் உட்கார்ந்து பேசுங்கள். இரண்டு மடங்கென்றால் வேண்டாம். இது வங்கி விதியல்ல, என் விதி.

அரசு வழியில் கிடைப்பதை விட்டுவிடாதீர்கள். 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த பி.எம். வித்யாலட்சுமி திட்டத்தில், பட்டியலில் உள்ள கல்லூரிகளில் சேர்பவர்களுக்குப் பிணையம் இல்லாமல் கடன் உண்டு. குடும்ப ஆண்டு வருமானம் 8 லட்சத்துக்குள் இருந்தால், 10 லட்சம் வரையிலான கடனுக்குப் படிப்புக் காலத்தில் 3 சதவீத வட்டிச் சலுகையும் கிடைக்க வாய்ப்பிருக்கிறது. உங்கள் கல்லூரி பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். வீட்டுப் பத்திரத்தை எடுத்துக்கொண்டு வங்கிக்குப் போவது அதற்குப் பிறகு இருக்கட்டும். வருமான வரியில் கல்விக் கடன் வட்டிக்கான கழிவு பழைய வரி முறையைத் தேர்ந்தெடுப்பவருக்கு மட்டும்தான். கடன் முகவர்கள் இதைச் சொல்வதில்லை.

கேட் தேர்வுக்கு எப்படித் தயாராவது?

அதற்குத் தனிப் புத்தகங்களே இருக்கின்றன. ஆங்கில வாசிப்பு, தரவுத் தர்க்கம், கணக்கு என மூன்று பிரிவுகள், தலா 40 நிமிடம். வழக்கமாக நவம்பர் கடைசி ஞாயிறுகளில் ஒன்றில் நடக்கும்; டிசம்பர் கடைசி வாக்கில் முடிவு வரும்; மதிப்பெண் அந்த ஓராண்டுச் சேர்க்கைக்கு மட்டும். நம் மாணவர்களுக்குக் கணக்கு வந்துவிடுகிறது, இடறுவது ஆங்கில வாசிப்பில். தினமும் ஒரு நீண்ட ஆங்கிலக் கட்டுரையைக் கடைசி வரி வரை படிக்கும் பழக்கத்தை ஓராண்டு முன்னரே தொடங்குங்கள். பயிற்சி மையம் அதைக் கற்றுத்தராது.

தமிழ்நாட்டு மாணவர்கள் தவறவிடும் ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். கேட் விண்ணப்பத்தில் ஓ.பி.சி. ஒதுக்கீடு கேட்க, நம்மிடம் உள்ள பி.சி., எம்.பி.சி. சாதிச் சான்றிதழ் செல்லாது. மத்திய அரசின் படிவத்தில், 'வசதி படைத்த பிரிவில் சேராதவர்' என்று குறிப்பிட்ட தனிச் சான்றிதழ் வேண்டும். இ-சேவை மையம் வழியாக வாங்கலாம். மாநிலப் பட்டியலில் உள்ள சமூகம் மத்தியப் பட்டியலிலும் இருந்தே தீரும் என்றில்லை. முதலில் அதைச் சரிபாருங்கள். வசதி படைத்த பிரிவா என்று பார்க்கும் 8 லட்ச ஆண்டு வருமான வரம்புக்குப் பெற்றோர் சம்பளமும் விவசாய வருமானமும் கணக்கில் வராது என்பது தெரியாமல், ஆசிரியர் வீட்டுப் பிள்ளைகள் பலர் தாங்களாகவே பொதுப் பிரிவில் விண்ணப்பித்துவிடுகிறார்கள். பெற்றோரின் பதவி நிலையைப் பொறுத்த விதிகள் தனியாக உண்டு, அவற்றையும் பாருங்கள். 27 சதவீத இடத்தை இப்படி இழப்பதைப் போல் வயிற்றெரிச்சல் வேறில்லை.

எம்.பி.ஏ.வா, பி.ஜி.டி.எம்.மா? எது உயர்ந்தது?

பல்கலைக்கழகத்தோடு இணைந்த கல்லூரி எம்.பி.ஏ. தரும், தன்னாட்சி நிறுவனம் பி.ஜி.டி.எம். என்ற முதுநிலை மேலாண்மை டிப்ளமா தரும். ஐ.ஐ.எம்.களே 2018-இல் தனிச் சட்டம் நடைமுறைக்கு வரும்வரை டிப்ளமாதான் கொடுத்துவந்தன. யாரும் குறைத்து மதிப்பிடவில்லை. பி.ஜி.டி.எம். என்றால் இந்தப் படிப்புகளை ஒழுங்குபடுத்தும் ஏ.ஐ.சி.டி.இ.யின் ஒப்புதல் இருக்கிறதா என்று பாருங்கள், போதும்.

நிதியா, மார்க்கெட்டிங்கா, மனிதவளமா? இப்போது எல்லோரும் அனலிட்டிக்ஸ் (தரவுப் பகுப்பாய்வு) என்கிறார்களே?

எல்லோரும் சொல்வதாலேயே சந்தேகப்படுங்கள். ஏற்கெனவே நிரல் எழுதத் தெரிந்த பொறியாளருக்கு எம்.பி.ஏ.வில் அனலிட்டிக்ஸ் எடுப்பதால் புதிதாகக் கிடைப்பது கொஞ்சம். அவர் நிதியோ ஆபரேஷன்ஸோ எடுத்தால், இரண்டும் சேர்ந்து அவரைத் தனியாக நிறுத்தும். மனிதவளம் என்றால் பிறந்தநாள் கேக் வெட்டுவது என்று நினைத்து வருபவர்களும் இருக்கிறார்கள். தொழிற்சாலை ஒன்றில் சம்பள உயர்வு ஒப்பந்தத்துக்காகத் தொழிற்சங்கத்தோடு மாதக்கணக்கில் பேச உட்கார்வதும் அதுதான்.

வேலையை விடாமல் படிக்கலாமா?

எதற்காக என்பதைப் பொறுத்தது. இருக்கும் நிறுவனத்திலேயே பதவி உயர்வுக்கு ஒரு முதுநிலைப் பட்டம் கேட்கிறார்கள் என்றால், இக்னோ போன்ற தொலைநிலைக் கல்வி சில பத்தாயிரம் ரூபாயில் வேலையை முடித்துவிடும். சேரும் படிப்புக்கு யு.ஜி.சி.யின் தொலைக்கல்விப் பிரிவு அந்த ஆண்டு அனுமதி கொடுத்திருக்கிறதா என்று மட்டும் பார்க்க வேண்டும். ஓரளவு அனுபவம் சேர்ந்து, கற்கவும் வேண்டும், சம்பளமும் நிற்கக் கூடாது என்பவருக்கு, வேலையில் இருப்பவர்களுக்கென்றே வார இறுதி வகுப்பு நடத்தும் நல்ல நிறுவனங்கள் உண்டு, திருச்சி ஐ.ஐ.எம். சென்னையில் அப்படி ஒரு படிப்பை நடத்துகிறது. துறை மாற விரும்புபவருக்கு இவை இரண்டும் அவ்வளவாக உதவா. துறை மாற்றம் நடப்பது வளாக நேர்காணலில். பகுதிநேரப் படிப்பில் பொதுவாக அது இல்லை.

வெளிநாட்டில் படித்தால்?

பணம் உங்களுடையது என்றால் போய் வாருங்கள். கடன் என்றால், அந்த நாட்டில் வேலை கிடைத்தால்தான் கடன் அடையும் என்ற நிலையில் போகிறீர்கள் என்பதை உணர்ந்து போங்கள். அமெரிக்காவில் படிப்பு முடிந்தபின் வேலை பார்க்க ஓராண்டு அனுமதி. அறிவியல் தொழில்நுட்பப் பிரிவாக வகைப்படுத்தப்பட்ட படிப்பென்றால் கூடுதலாக இரண்டு ஆண்டு. எல்லா எம்.பி.ஏ.க்களும் அந்த வகையில் வராது. அதன் பிறகு எச்-1பி வேலை விசாவுக்கான குலுக்கல்: ஆண்டுக்கு 85,000 விசாக்கள், கேட்பவர்களோ அதைவிட மிக அதிகம். திறமை மட்டும் அதில் கைகொடுக்காது.

அரசு வேலைக்கோ வங்கித் தேர்வுக்கோ எம்.பி.ஏ. உதவுமா?

குரூப் 1, குரூப் 2, வங்கி அதிகாரித் தேர்வு எல்லாவற்றுக்கும் பொதுவாக ஏதாவது ஒரு பட்டம் போதும். வங்கிகளில் மார்க்கெட்டிங், மனிதவளச் சிறப்பு அதிகாரி பதவிகளுக்கு மட்டும் எம்.பி.ஏ. போன்ற முதுநிலைப் படிப்பு தேவை, இடங்கள் சொற்பம். எம்.பி.ஏ. படித்துக்கொண்டே டி.என்.பி.எஸ்.சி.க்குத் தயாராகிறேன் என்பவர்களைப் பார்த்திருக்கிறேன். இரண்டு தோணியில் கால்.

குடும்பத் தொழிலைப் பார்க்கப் போகிறேன். எனக்கு எதற்கு எம்.பி.ஏ.?

கரூரில் தறி, சிவகாசியில் அச்சகம், நாமக்கல்லில் லாரி என்று இருக்கும் வீடுகளில் இந்தக் கேள்வியை அப்பா கேட்கிறார், பிள்ளை கேட்பதில்லை. அப்பா சொல்வதில் நியாயம் உண்டு. வாங்கிய சரக்குக்கு எத்தனை நாளில் பணம் தர வேண்டும், விற்ற சரக்குக்கு எத்தனை நாளில் பணம் வரும் என்ற இடைவெளிதான் அந்தத் தொழிலின் உயிர். அதை அவர் எம்.பி.ஏ. படிக்காமலே நெஞ்சில் வைத்திருக்கிறார். ஆனால் வெளியே ஓரிடத்தில், சம்பளத்துக்கு, தன்னை யாரும் 'சின்ன முதலாளி' என்று கூப்பிடாத இடத்தில் இரண்டு ஆண்டு வேலை பார்த்துவிட்டு வருவது எந்தப் படிப்பையும்விடப் பெரிது. அதற்கப்புறமும் தேவைப்பட்டால் குடும்பத் தொழிலுக்கென்றே உள்ள படிப்புகளைப் பாருங்கள்.

வீட்டில் வரன் பார்க்கிறார்கள். எம்.பி.ஏ. சேர்ந்தால் திருமணத்தை இரண்டு ஆண்டு தள்ளிப்போடலாம் என்று நினைக்கிறேன். தவறா?

தவறே இல்லை, மனத்தில் இருப்பதைச் சொன்னதற்கு மரியாதை. பெண்கள் பலர் இதைக் கேட்கிறார்கள், தணிந்த குரலில். ஆனால் இரண்டு ஆண்டு முடிந்ததும் அதே பேச்சு, 'படித்த பெண்ணுக்குப் படித்த மாப்பிள்ளை' என்று கொஞ்சம் அதிகச் செலவோடு திரும்பி வரும். கடன் அப்போது யார் பொறுப்பு என்ற கேள்வியும் கூடவே வரும். படிப்பு வேண்டும் என்றால் படிப்புக்காகச் சேருங்கள். கடனை உங்கள் சம்பளத்திலிருந்து நீங்களே அடைப்பீர்கள் என்பதை இப்போதே அப்பா, அம்மாவிடம் பேசிவிடுங்கள். பிறகு மாப்பிள்ளை வீட்டாரிடமும் அதைச் சொல்ல வேண்டியிருக்கும். பல ஐ.ஐ.எம்.கள் சேர்க்கையில் பெண்களுக்குக் கூடுதல் மதிப்பெண் தருகின்றன. பொறியியல் படிக்காத பட்டதாரிகளுக்கும் அப்படிக் கிடைக்கும் இடங்கள் உண்டு. கூச்சப்படாமல் அதைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

நேர்காணலில் 'ஏன் எம்.பி.ஏ.?' என்று கேட்டால் என்ன சொல்வது?

மனப்பாடம் செய்த பதிலை முதல் வரியிலேயே கண்டுபிடித்துவிடுவோம். 'தலைமைப் பண்பை வளர்த்துக்கொள்ள' என்று தொடங்கினால் எதிரே இருப்பவர் தேநீரைத் தேடுவார். நாங்கள் பார்ப்பது, இதுவரை செய்த வேலையை நீங்கள் எந்த அளவுக்குக் கவனித்தீர்கள் என்பதை. அமெரிக்கக் காப்பீட்டு நிறுவனம் ஒன்றின் மென்பொருளைச் சில ஆண்டுகள் சோதித்த ஒருவரிடம், அந்த நிறுவனத்துக்கு எந்த மாதத்தில் இழப்பீட்டு விண்ணப்பங்கள் அதிகம் வரும் என்று கேட்டேன். அதைப் பற்றி அவர் யோசித்ததே இல்லை. அதே வேலையைப் பார்த்த இன்னொருவர், "ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை சூறாவளிப் பருவம் சார், எங்கள் சர்வர் திணறும், எங்களுக்கு விடுமுறையே கிடையாது" என்றார். இரண்டாமவருக்குத் தன் கணினித் திரைக்கு அப்பால் ஒரு தொழில் நடப்பது தெரிந்திருக்கிறது. ஏன் எம்.பி.ஏ. என்று அவரிடம் கேட்கவே தோன்றவில்லை.

யாரிடம் விசாரிப்பது? கல்லூரி சொல்வது ஒன்று, சித்தப்பா சொல்வது ஒன்றாக இருக்கிறதே.

நீங்கள் சேர நினைக்கும் அதே கல்லூரியில் படித்து முடித்து, இரண்டு மூன்று ஆண்டு ஆனவர்களை லிங்க்ட்இன்னில் தேடுங்கள். வகுப்பில் முதலாவதாக வந்தவர் வேண்டாம். நடுவில் இருந்த நான்கைந்து பேர். "எம்.பி.ஏ. நல்லதா?" என்று கேட்டால் நல்லது என்றுதான் சொல்வார்கள், பணம் கட்டியவர்கள் ஆயிற்றே. "போன திங்கட்கிழமை அலுவலகத்தில் என்னென்ன செய்தீர்கள்?" என்று கேளுங்கள். அந்தப் பதிலைக் கேட்டு உங்களுக்குப் பொறாமை வருகிறதா, கொட்டாவி வருகிறதா என்று பாருங்கள். சித்தப்பாவுக்கு நன்றி சொல்லுங்கள். அவர் காலத்து எம்.பி.ஏ. வேறு.

இடம் கிடைத்துவிட்டது. பணம் கட்டக் கடைசி நாள் நெருங்குகிறது. இன்னும் மனம் உறுதிப்படவில்லை.

முதலில், பணம் கட்டினால் திரும்ப வருமா என்று பாருங்கள். ஏ.ஐ.சி.டி.இ. விதிப்படி, படிப்பு தொடங்கும் முன் விலகினால் அதிகபட்சம் 1,000 ரூபாயைப் பிடித்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தர வேண்டும். அசல் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்துவைக்கக் கூடாது. ஐ.ஐ.எம்.களுக்கு விலகல் தேதியும் பிடித்தமும் தனியாக உண்டு; சேர்க்கைக் கடிதத்தின் கடைசிப் பக்கத்தில் சிறிய எழுத்தில் இருக்கும். விலகல் தேதி வரை உங்களுக்கு அவகாசம் இருக்கிறது. அதற்குள் மேலே சொன்னபடி அந்தக் கல்லூரியின் பழைய மாணவர்களிடம் பேசி முடியுங்கள்.

வேலையில் இருப்பவர்களுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. ஐ.டி. நிறுவனங்கள் பலவற்றில் முன்னறிவிப்புக் காலம் 90 நாள், சேர்க்கை முடிவு வருவதோ ஏப்ரல், மே மாதங்களில், வகுப்பு ஜூனில். மேற்படிப்புக்காகப் போகிறவரைச் சீக்கிரம் விடுவிக்கும் வழக்கம் உங்கள் நிறுவனத்தில் இருக்கிறதா என்று மனிதவளத் துறையில் முன்கூட்டியே விசாரித்து வையுங்கள். சேர்க்கைக் கடிதமும் வங்கியின் கடன் ஒப்புதலும் எழுத்தில் கைக்கு வந்த பிறகு ராஜினாமாக் கடிதம் கொடுங்கள். விடுவிப்புக் கடிதம், பணி அனுபவச் சான்று, கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டு ஆகியவற்றை அலுவலக மின்னஞ்சல் மூடப்படுவதற்குள் எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். கல்லூரியில் பதிவு செய்யும் நாளில் இவற்றைக் கேட்பார்கள்.